வேதமும் கணக்குப் புத்தகமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்து மணி அடிக்கிறது. சலவை செய்த உடையும் கையில் வேதபுத்தகமுமாக ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பாட்டும் பிரார்த்தனையும் பிரசங்கமும் முடிந்து சாந்தமான முகத்துடன் திரும்பி வருகிறார்கள். கண்ணுக்கு இனிய காட்சிதான். மறுநாள் திங்கட்கிழமை. வேதபுத்தகம் அலமாரியில் இருக்கிறது. அதற்கு உடையவர் ஆபீசுக்கோ கடைக்கோ புறப்படுகிறார். அவருடைய பக்தியும் அவருடன் புறப்படுகிறதா, அல்லது வேதபுத்தகத்துக்குத் துணையாக அலமாரியிலேயே தங்கிவிடுகிறதா?

இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவ சகோதரர்களிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. 'படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்' என்ற பழமொழி நம் எல்லாருக்காகவும் ஏற்பட்டதே. பூஜை அறையில் கண்ணீர் மல்க நிற்கும் நாமே, பத்து நிமிஷம் கழித்து வாசலில் கீரைக்காரியுடன் காசுக்கு வாதாடுகிறோம். மதம் எதுவானாலும் அதற்குப் பரீட்சை நடக்கும் இடம் கோயிலன்று. வீட்டு வாசலும் கடைத்தெருவும் ஆபீசு மேஜையுமே அது.

அந்தப் பரீட்சைக்குத் தம்மைத் தினந்தோறும் உட்படுத்திக்கொண்ட ஒரு தமிழரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். அவர் பாதிரியாரல்லர். கணக்குப் பரிசோதகர். ஏசுநாதரின் போதனையை அவர் பிரசங்க மேடையிலிருந்து சொன்னதைக் காட்டிலும், வரவு செலவுப் புத்தகத்திலும் உண்ணும் சோற்றிலும் உடுத்தும் துணியிலும் எழுதிக் காட்டியதே அதிகம். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

தஞ்சாவூரிலிருந்து சபர்மதிக்கு

1892-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். தகப்பனார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம் அம்மாள் பக்தியும் ஈகையும் நிறைந்தவர். பிள்ளை சென்னையில் படித்து, லண்டனுக்குப் போய்க் கணக்குப் பரிசோதனைத் தொழிலில் தேர்ச்சி பெற்றுத் திரும்பினார். பம்பாயில் சொந்தமாகத் தொழில் நடத்தினார். நடை, உடை, சாப்பாடு எல்லாம் ஆங்கில முறையிலேயே இருந்தன. அந்தக் காலத்தில் படித்த குடும்பங்கள் பல, தங்கள் பிள்ளைகளும் இப்படி ஆக வேண்டுமென்று கனவு கண்டிருக்கும்.

1927-ஆம் வருஷம் அவர் அமெரிக்காவுக்குப் போனார். சிரக்யூஸ் சர்வகலாசாலையில் படித்த பிறகு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழ்மையில் வாடுகிறது என்பதைப் பற்றி அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அதன் விவரம் பத்திரிகையில் வெளிவந்தது. அவருக்கு ஆசிரியராக இருந்த செலிக்மன் என்ற பிரசித்தி பெற்ற பொருளாதார நிபுணர் அதைப் படித்துவிட்டு, இந்த விஷயத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி தூண்டினார். குமரப்பாவும் அவ்வாறே செய்தார். நம் நாட்டில் வசூலாகும் வரிப்பணம் எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று கணக்கைப் புரட்டப் புரட்ட அவர் கண் திறந்தது. தனி மனிதர்களின் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கக் கற்றவர், ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கிலேயே தப்பைக் கண்டுவிட்டார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை அவர் மீண்டும் பூண்டதும் அந்தக் காலத்தை ஒட்டியே.

ஆராய்ச்சிக் கட்டுரையுடன் தாயகம் திரும்பிய அவர், 1929-ஆம் வருஷம் மே மாதம் மகாத்மா காந்தியைப் பார்க்கச் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். கால்சட்டையும் கைத்தடியுமாகப் போனவர், குறித்த நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டதால் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அதைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். கிழவர் நிமிர்ந்து, 'நீர்தாம் குமரப்பாவோ?' என்று விசாரித்த பிறகே, அவர்தாம் காந்தியடிகள் என்பது இவருக்குத் தெரிந்தது. இறுகிய கால்சட்டையுடன் அந்தச் சாணத் தரையிலேயே இவரும் உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள். இவர் அதில் உட்காரவில்லை. உட்கார்ந்த இடம் தரை. ஆனால் அவர் வாழ்க்கை உயர்ந்தது அந்த இடத்திலிருந்துதான்.

குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களுக்குப் போய், குடியானவர்களின் வரவு செலவை நேரில் விசாரித்து அறிக்கை தயாரிக்கும்படி காந்தியடிகள் சொன்னார். பம்பாய்த் தொழில் அத்துடன் பின்னுக்குப் போயிற்று.

சபைக்கு ஒரு கேள்வி

1930-ஆம் வருஷம் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. கையில் ஆயுதமின்றிச் சென்றவர்களின் மண்டையில் தடி விழுந்தது. காந்தியடிகள் சிறை சென்ற பிறகு 'யங் இந்தியா' பத்திரிகையில் குமரப்பா எழுதலானார். அவர் மனத்தை உறுத்திய கேள்வி இது: தம்மை அடித்தவரைத் திருப்பி அடிக்காமல் சிலுவை சுமந்தவரின் பெயரால் நடக்கும் சபைகள், அடிபடுகிறவர்களின் பக்கம் நிற்குமா, அடிக்கிறவர்களின் பக்கம் நிற்குமா? கிறிஸ்தவ ஊழியர்களுக்கும் மிஷனரிமார்களுக்கும் அவர் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். இந்தியாவின் ஆங்கில சபைக்குத் தலைமை வகித்த பிஷப் வெஸ்ட்காட்டுக்கும் இதைக் குறித்துக் கடிதம் எழுதினார்.

இந்த இடத்தில் நேயர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். கிறிஸ்தவர்கள் என்றால் வெள்ளைக்காரர் பக்கம் என்று தேசியவாதிகள் பலர் எண்ணிய காலம் அது. கிறிஸ்தவர்களிலும் பலர், காங்கிரஸில் சேர்ந்தால் மதத்துக்கே பங்கம் வருமென்று அஞ்சினார்கள். குமரப்பா இரண்டு பக்கத்துக்கும் பதில் சொன்னார். தேசத்துக்காக மதத்தை அவர் விடவில்லை. மதத்துக்காகத் தேசத்தையும் விடவில்லை. தாம் ஏசுநாதரைப் பின்பற்றுவதனாலேயே அந்நிய ஆட்சியை எதிர்க்க நேர்ந்தது என்பதே அவர் நிலை. 1931-ல் சிறைக்குப் போனார். காந்தி-இர்வின் ஒப்பந்தத்தின் பிறகு வெளியே வந்தார். 1932-ல் மறுபடியும் சிறைக்குப் போனார்.

அவர் ஒருவர் மட்டுமே இப்படி நின்றார் என்றும் எண்ண வேண்டாம். 1921-ஆம் வருஷம் திருப்பத்தூரில் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' தோன்றியது. அதை நிறுவிய இருவரும் வைத்தியர்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்த பாரஸ்டர் பேட்டன். சுற்றுப்புறத்து ஜனங்கள் இவர்களைப் 'பெரியண்ணன்', 'சின்னண்ணன்' என்று அழைத்தார்கள். இருவரும் கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் செய்து வந்தார்கள். அவர்கள் எழுப்பிய ஆலயம் நம் ஊர்க் கோயில்களைப் போலவே கோபுரத்துடன் விளங்குகிறது. 1932-ஆம் வருஷம் சென்னையில், கதர் உடுத்தியிருந்த பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தார்கள். உடுத்திய துணியே ஒருவருடைய கொள்கையைச் சொல்லிய காலம் அது.

மூன்று அணாச் சாப்பாடு

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பூகம்பம் ஏற்பட்டது. ஊர் ஊராக வீடுகள் மண்மேடாயின. தேசமெங்கிலுமிருந்து நிதி குவிந்தது. பாபு ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரண வேலை நடந்தது. அந்தப் பெரும் நிதிக்குக் கணக்கு வைக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது.

பொதுப்பணம் என்பது விசித்திரமான பொருள். அது எல்லாருக்கும் சொந்தம். ஆகையால் யாருக்கும் சொந்தமில்லை என்று தோன்றிவிடும். ஒருவர் கூடுதலாக ஒரு கப் காபி சாப்பிடுவார். இன்னொருவர் சொந்த வேலைக்கு வண்டி எடுத்துப் போவார். இவர்கள் திருடர்களல்லர், நல்லவர்களே, தொண்டு செய்யவே வந்தவர்கள். ஆனால் அந்தக் காபிக்கும் வண்டிக்கும் ஆன செலவு, கூரையில்லாத ஒருத்தியின் கஞ்சியிலிருந்து போயிற்று என்பதை நினைக்க மறந்துவிடுவார்கள்.

குமரப்பா இதை மறக்கவில்லை. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டுச் செலவு மூன்று அணா என்று திட்டம் செய்தார். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்திலும் அது கறாரான அளவுதான். அச்சமயம் காந்தியடிகளே தம் பரிவாரத்துடன் பாட்னாவுக்கு வந்தார். அவர்களுக்கு வேண்டிய பழம், பால் முதலியவற்றுக்கு மூன்று அணா போதாது. வேறொருவராயிருந்தால், 'மகாத்மாவுக்குக் கூடவா கணக்கு?' என்று நினைத்திருப்பார். குமரப்பாவோ, அந்தப் பரிவாரத்தின் சாப்பாட்டுச் செலவையும் மோட்டார் வண்டிக்கு ஆகும் பெட்ரோல் செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுப்பதற்கில்லையென்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். விஷயம் காந்தியடிகளின் காதுக்கு எட்டியது. குமரப்பா காரணத்தை விளக்கினார்: பூகம்பத்தில் துன்புற்றவர்களுக்கென்று ஜனங்கள் கொடுத்த பணம் இது, வேறு எதற்கும் இதைத் தொட நமக்கு உரிமையில்லை. காந்தியடிகள் கோபிக்கவில்லை, நியாயத்தை ஒப்புக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தைப் பலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நமக்கோ இதில் ஒரு பிரார்த்தனையே கேட்கிறது. தேவாலயத்தில் முழந்தாளிடுவதும், பெரியவர் ஒருவரிடம் 'மாட்டேன்' என்று சொல்வதும் அவருக்கு ஒரே வழிபாட்டின் இரண்டு பாகங்களாக இருந்தன. தாம் தெய்வத்துக்கு அடுத்தபடியாக மதித்தவரிடம் மறுத்துச் சொல்வதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும்! அதைக் காட்டிலும், அப்படி மறுத்தவரைத் தள்ளாமல் அருகில் வைத்துக்கொள்வதற்கு எவ்வளவு பெருந்தன்மை வேண்டும்!

அதே வருஷத்து இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பைக் காந்தியடிகள் குமரப்பாவிடமே ஒப்புவித்தார்.

ஒரு டப்பி கோக்கோ

வார்தாவில் மகன்வாடி என்ற தோட்டத்தில் சங்கம் வேலை செய்தது. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்த காகிதம் ஆகியவற்றில் அங்கே ஆராய்ச்சி நடந்தது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கையும் அங்கே செய்தார்கள். குமரப்பா நாணற்பேனாவால் கைக்காகிதத்தில் எழுதினார். வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் இடைப்பட்ட ஓர் உடையைத் தாமே வகுத்து அதற்கு 'தோத்திஜாமா' என்று பெயரிட்டு உடுத்தினார். விவாகம் செய்துகொள்ளவில்லை.

இவையெல்லாம் ஒரு மனிதரின் விநோதப் பழக்கங்கள் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அவற்றின் அடியில் ஒரு தெளிவான எண்ணம் இருந்தது. ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்குகிறவன், அந்தச் சாமான் உண்டான விதத்துக்கும் பொறுப்பாளி என்பதே அது. திருட்டுச் சொத்தென்று தெரிந்து வாங்குகிறவன் திருட்டுக்கு உடந்தை அல்லவா? அதைப் போலவே, அவர் கோக்கோவை ஓர் உதாரணமாக எடுத்துக் காட்டினார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கட்டாய வேலை வாங்கிப் பயிராக்கி, பீரங்கிக் கப்பல்களின் காவலில் கடல் கடந்து, சுங்கச் சலுகையுடன் நம் ஊருக்கு வந்து சேரும் ஒரு டப்பி கோக்கோவை வாங்கும்போது, அந்தக் கட்டாயத்திலும் அந்தப் பீரங்கியிலும் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது என்றார்.

பிறரை நேசிக்க வேண்டுமென்பது கிறிஸ்து போதனையின் சாரம். பிறர் யார்? ஏசுநாதர் சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி எடுத்துச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன் முன்பின் அறியாதவன். குமரப்பா அந்தக் கதையைக் கடைத்தெருவுக்குக் கொண்டு வந்துவிட்டார். நாம் உண்ணும் அரிசியைக் குத்தியவளும், உடுத்தும் துணியை நெய்தவனும், நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நம் வழியில் கிடப்பவர்கள்தாம். அவர்களைத் தாண்டிப் போகிறோமா, நின்று பார்க்கிறோமா என்பதே கேள்வி.

சிறையில் எழுதிய புத்தகங்கள்

1942-ஆம் வருஷப் போராட்டத்தை ஒட்டி அவர் மறுபடியும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் உடல் நலிந்தது. அந்த நிலையில் அவர் இரண்டு புத்தகங்களை எழுதினார். ஒன்று, நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று, ஏசுநாதருடைய நடத்தையையும் போதனையையும் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார்.

இரண்டாவது புத்தகத்தின் பெயரைக் கவனியுங்கள். நடத்தை முதலில் வருகிறது. போதனை அதன் பின்னால் வருகிறது. நாமெல்லாம் முதலில் போதித்துவிட்டு, நடத்தையைச் சௌகரியப்பட்டபோது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். அவரோ வரிசையை மாற்றினார்.

முதற் புத்தகம் பொருளாதாரம் என்றாலும் அதிலும் இந்த எண்ணமே ஓடுகிறது. இயற்கையில் ஐந்து விதமான வாழ்வு முறைகள் இருப்பதாக அவர் சொன்னார். ஆட்டைக் கொன்று தின்னும் புலியின் வாழ்வு கடைசிப் படியில் இருக்கிறது. தோப்பில் புகுந்து, நட்டு வளர்க்காத பழத்தைப் பறிக்கும் குரங்கின் வாழ்வு அதற்குச் சற்று மேல். தனக்கென்று மட்டுமின்றிக் கூட்டுக்கே தேன் சேர்க்கும் தேனீயின் வாழ்வு இன்னும் உயர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேற்படியில், பலனைக் கருதாமல் குழந்தைக்கு ஊட்டும் தாயின் சேவை இருக்கிறது. மனிதன் புலியாகவும் இருக்கலாம், தாயாகவும் இருக்கலாம். எந்தப் படியில் நிற்பது என்று அவனே தீர்மானிக்க வேண்டும்.

குருவுக்குக் குரு

சுதந்திரம் வந்த பிறகு அவருக்குப் பதவி எட்டாத பொருளன்று. காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைமை வகித்து, 1949-ல் அறிக்கை தந்தார். ஆனால் புது அரசாங்கம் கிராமங்களை மறந்து பெரும் யந்திரங்களின் பக்கம் போவதாக அவருக்குப் பட்டது. பழைய சிறைத் தோழர்களையே அவர் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய சொல் சில சமயம் தேவைக்கு மேல் சுட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கணக்கில் பைசாவையும் விடாதவர், மனிதர்களிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரைப் புகழ்கிற நாம் இதையும் சொல்வதே அவருக்குப் பிடித்த கணக்கு முறையாகும்.

கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லாவில் உள்ள தே. கல்லுப்பட்டிக்கு வந்து, காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய வீடொன்றில் தங்கினார். அவருடைய அறையில் காந்தியடிகளின் படம் இருந்தது; ஓர் ஏழைக் கிராமவாசியின் படமும் இருந்தது. வந்தவர்களிடம் முதற் படத்தைக் காட்டி, அவர் என் குரு என்பார். இரண்டாவது படத்தைக் காட்டி, இவர் என் குருவுக்குக் குரு என்பார். பசித்தவனுக்கும் உடையில்லாதவனுக்கும் செய்வது தமக்கே செய்ததாகும் என்று சொன்ன ஏசுநாதரின் அடியார், இதற்கு மேல் என்ன விளக்கம் தர வேண்டும்?

1960-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தினத்தில், குமரப்பாவும் மறைந்தார்.

நம் வீட்டுக் கணக்கு

அவர் மறைந்து அறுபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. அவரைப் போல எல்லாராலும் வாழ முடியுமா? முடியாது. நமக்குக் குடும்பம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. பெண்ணின் விவாகம் இருக்கிறது. கோக்கோவை விட்டாலும் காபியை விட நம்மால் ஆகாது. அதற்காக அவர் வழியே நமக்கு வேண்டாமென்று விட்டுவிடலாமா?

பெரிய தியாகம் நம்மால் ஆகாவிட்டாலும், சிறிய நேர்மை ஆகும். ஆபீசுக் காகிதத்தில் சொந்தக் கடிதம் எழுதாமல் இருக்கலாம். வீட்டு வேலைக்காரிக்குச் சம்பளத்தை முதல் தேதியன்றே, அவள் வாய் திறந்து கேட்பதற்கு முன் கொடுக்கலாம். கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையை, பாதி தூரம் வந்த பிறகானாலும், திரும்பிப் போய்க் கொடுக்கலாம். கோயில் நிதியானாலும் சங்கத்துச் சந்தாவானாலும், நம் கைக்கு வந்த பொதுப்பணத்துக்குக் கேட்பவர் இல்லாவிட்டாலும் கணக்கு எழுதலாம். இவற்றில் எதற்கும் காசு அதிகம் வேண்டாம். மனம் மட்டும் வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நம் வீட்டு வாசலில் கீரைக்காரி கூவினாள். போன வாரத்துப் பாக்கி நினைவுக்கு வந்தது. அவள் கேட்கவில்லை, நாமும் கொடுக்க மறந்திருந்தோம். தொகை சொற்பம்தான். ஆனால் குமரப்பா கணக்கு எழுதியிருந்தால் அந்தத் தொகையை எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்துதான் இந்தக் கட்டுரையை முடித்தோம்.